நியூரோபெப்டைட் குப்பி கைக்கு வந்தால்: ஆய்வகத்துக்குப் புதியவர்களுக்கு

நரம்பியல் ஆய்வகத்தில் புதிதாகச் சேர்பவர்களுக்கு எலக்ட்ரோடு இழுப்பது, மூளையை ஸ்லைஸ் போடுவது, மைக்ரோஸ்கோப்பைச் சரிசெய்வது எல்லாவற்றையும் பொறுமையாகச் சொல்லித் தருகிறார்கள். நியூரான்கள் செய்தி அனுப்பப் பயன்படுத்தும் சின்ன அமினோ அமிலச் சங்கிலியான பெப்டைடைக் கரைப்பதை மட்டும் யாரும் உட்கார்ந்து சொல்லித் தருவதில்லை. "ஒரு மில்லிமோலார் ஸ்டாக் போட்டு வெச்சிடுங்க" என்ற ஒரு வரியோடு குப்பி கைக்கு வந்துவிடும் (ஸ்டாக் என்றால் பிறகு நீர்க்கச் செய்து பயன்படுத்தும் செறிந்த கரைசல்). பல மாத வேலை சத்தமில்லாமல் கெட்டுப்போவது இந்த இடத்தில்தான். செல்லில் எந்த மாற்றமும் தெரியாவிட்டால் "ரிசெப்டர் இல்லை போல" என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். பெப்டைட் பாதி ட்யூபின் சுவரில் ஒட்டியிருக்கலாம், மீதி ஆக்சிஜன் ஏறிச் செயலிழந்திருக்கலாம் என்ற யோசனையே வருவதில்லை.

அதனால் ஆர்டர் போடுவதிலிருந்து ஸ்லைசுக்கு மேல் ஊற்றுவது வரை வரிசையாகச் சொல்கிறேன். உதாரணத்துக்கு சப்ஸ்டன்ஸ் பி என்ற ஒரே பெப்டைடைக் கடைசிவரை கூட வைத்துக்கொள்ளலாம். 1931-இல் வான் ஆய்லரும் காடமும் குதிரையின் மூளையிலும் குடலிலும் இருந்து எடுத்த சாற்றில் இதை அடையாளம் கண்டார்கள். அதன் அமினோ அமில வரிசையை சூசன் லீமனின் குழு கண்டுபிடிக்க மேலும் நாற்பது ஆண்டுகள் ஆயின. இன்று மெரிஃபீல்டு 1963-இல் அறிமுகப்படுத்திய திண்ம நிலை முறையில், ரெசின் மணிமேல் ஒவ்வொரு அமினோ அமிலமாகக் கோத்து, ஆலையிலேயே தயாரித்து அனுப்பிவிடுகிறார்கள்.

ஆர்டர் போடும் முன் பார்க்க வேண்டியவை

பெயரை மட்டும் பார்த்து ஆர்டர் போடாதீர்கள். வரிசையின் இரண்டு முனைகளையும் பாருங்கள். சப்ஸ்டன்ஸ் பி-யில் 11 அமினோ அமிலங்கள்: ஆர்ஜினின், புரோலின், லைசின், புரோலின், குளூட்டமின், குளூட்டமின், ஃபினைல்அலனின், ஃபினைல்அலனின், கிளைசின், லியூசின், மெத்தியோனின். கடைசியில் இருக்கும் மெத்தியோனினின் முனை அமைடாக முடிய வேண்டும். விலைப்பட்டியலில் பக்கத்திலேயே "ஃப்ரீ ஆசிட்" வடிவமும் இருக்கும். அது சப்ஸ்டன்ஸ் பி வேலை செய்யும் என்.கே.1 ரிசெப்டரில் மிகமிகக் குறைவாகத்தான் வேலை செய்யும். ஆக்ஸிடோசின், வாசோப்ரெசின், நியூரோபெப்டைட் ஒய், ஒரெக்ஸின்-ஏ எல்லாமே அமைடு முனை உள்ளவைதான்.

அடுத்தது டைசல்ஃபைடு பாலம். ஆக்ஸிடோசினில் ஒன்றாம், ஆறாம் இடத்துச் சிஸ்டீன்களை இணைக்கும் ஒரு பாலம் உண்டு. ஒரெக்ஸின்-ஏ-யில் இரண்டு. தனியாகச் செய்யச் சொல்லி ஆர்டர் போடும்போது எந்தச் சிஸ்டீன் எதோடு சேர வேண்டும் என்று எழுதிக் கொடுக்காவிட்டால், பாலமே இல்லாத நேர்ச்சங்கிலி வந்து சேரும்.

அப்புறம் எந்த விலங்கின் வரிசை என்று பாருங்கள். சப்ஸ்டன்ஸ் பி-யில் இந்தக் கவலை இல்லை. மனிதருக்கும் எலிக்கும் ஒன்றேதான். ஒரெக்ஸின்-பி-யில் மனித வரிசைக்கும் எலி வரிசைக்கும் இரண்டு இடங்களில் வித்தியாசம் இருக்கிறது. நியூரோபெப்டைட் ஒய்-யின் 17-ஆம் இடத்தில் மனிதருக்கும் எலிக்கும் மெத்தியோனின், பன்றிக்கு லியூசின். பழைய கட்டுரைகள் பலவற்றில் பன்றி வடிவத்தைத்தான் பயன்படுத்தியிருப்பார்கள், ஏனென்றால் முதலில் பிரித்தெடுத்தது பன்றி மூளையிலிருந்து. ஒரு கட்டுரையை அப்படியே பின்பற்றப் போகிறீர்கள் என்றால் இதைக் கவனியுங்கள்.

தூய்மை விஷயத்தில் செல், ஸ்லைஸ் வேலைக்கு 95 சதவீதத்துக்குக் கீழே வாங்க வேண்டாம். நடுவில் ஒரு அமினோ அமிலம் விடுபட்டுப் போன சங்கிலிகளும் அதே குப்பியில் கலந்து வரும். அவற்றில் சில ரிசெப்டரில் ஒட்டிக்கொண்டு உண்மையான பெப்டைடுக்கு இடம் தராமல் இருக்கக்கூடும்.

குப்பி வந்து சேரச் சில நாள் ஆனால் பதற வேண்டியதில்லை. உறைநிலையில் உலர்த்திய பொடி சில நாட்கள் அறை வெப்பத்தைத் தாங்கும். வெளிநாட்டிலிருந்து வருவது சுங்கத்தில் கொஞ்ச நாள் நின்றுவிட்டாலும் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. கரைத்த பிறகுதான் அது எளிதில் கெட்டுப்போகும்.

இது மனிதர்களுக்கு அல்ல

குப்பியின் மேல் "ஆராய்ச்சிக்கு மட்டும்" என்று அச்சிட்டிருப்பதைச் சம்பிரதாயமான வாசகமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். செமாக்ஸ், செலாங்க் போன்ற பெப்டைடுகளை இதே வாசகத்தைப் போட்டு, நினைவாற்றல் கூடும், பதற்றம் குறையும் என்று ஆசை காட்டி இணையத்தில் தனிநபர்களுக்கு விற்கிறார்கள். நீங்கள் இந்தத் துறையில் இருப்பது தெரிந்தால் நண்பர்களும் சொந்தக்காரர்களும் கேட்பார்கள். உறுதியாக மறுத்துவிடுங்கள். ஆய்வகப் பெப்டைடுக்குக் கிருமிநீக்கச் சோதனை பொதுவாக இருக்காது. பாக்டீரியாவின் சுவரிலிருந்து வரும் எண்டோடாக்ஸின் எவ்வளவு என்று பெரும்பாலும் அளந்திருக்க மாட்டார்கள். 95 சதவீதத் தூய்மை என்றால் மீதி 5 சதவீதம் என்னவென்று பல சமயம் தயாரித்தவருக்கே முழுதாகத் தெரியாது. எலி ஸ்லைசுக்கு அது போதும், மனித உடம்புக்குள் போவதற்குப் போதாது. ஆய்வகத்தை விட்டு ஒரு மைக்ரோலிட்டர் கூட வெளியே போகக் கூடாது.

சான்றிதழில் இரண்டு சதவீதங்கள்

குப்பியோடு ஒரு பகுப்பாய்வுச் சான்றிதழ் வரும். பெரும்பாலோர் அதை மடித்து ஃபைலில் போட்டுவிடுகிறார்கள். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

சான்றிதழில் எச்.பி.எல்.சி. (கலவையில் உள்ளவற்றைத் தனித்தனியாகப் பிரிக்கும் முறை) தூய்மை என்று ஒரு எண் இருக்கும், 97 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். குப்பியில் உள்ள பெப்டைடுகளுக்குள் சரியான வரிசை எவ்வளவு என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. குப்பியில் உள்ள பொடியில் பெப்டைடே எவ்வளவு என்பது வேறு எண். அதை நிகரப் பெப்டைட் அளவு என்பார்கள். அமினோ அமிலப் பகுப்பாய்வு செய்தோ நைட்ரஜனை அளந்தோ அதைக் கண்டுபிடிப்பார்கள். சான்றிதழில் அது இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள்.

ஏன் இரண்டும் வேறுபடுகின்றன? பெப்டைடை ரெசினிலிருந்து வெட்டி எடுக்கவும் எச்.பி.எல்.சி.யில் சுத்தம் செய்யவும் ட்ரைஃப்ளூரோ அசிட்டிக் அமிலத்தைப் பயன்படுத்துகிறார்கள். சுருக்கமாக டி.எஃப்.ஏ. நேர்மின்னூட்டம் உள்ள ஒவ்வொரு இடத்திலும் ஒரு டி.எஃப்.ஏ. மூலக்கூறு உப்பாக ஒட்டிக்கொண்டே வரும். சப்ஸ்டன்ஸ் பி-யில் அப்படி மூன்று இடங்கள்: ஆர்ஜினின், லைசின், சங்கிலியின் தொடக்க முனை. பெப்டைடின் மூலக்கூறு எடை 1347.6, ஒரு டி.எஃப்.ஏ. 114, மூன்று சேர்ந்தால் 342. மொத்தம் 1689.6. அதில் பெப்டைடின் பங்கு சுமார் 80 சதவீதம்தான். பொடி உறிஞ்சி வைத்திருக்கும் ஈரத்தையும் கழித்தால் இன்னும் குறையும். அதே பெப்டைடை அசிடேட் உப்பாக வாங்கினால் ஈரத்தைக் கழிப்பதற்கு முன் சுமார் 88 சதவீதம் வரும்.

இப்போது கணக்கைப் போடுவோம். லேபிளில் 1 மில்லிகிராம் என்று இருக்கிறது, நிகர அளவு 76 சதவீதம். உண்மையான பெப்டைட் 0.76 மில்லிகிராம். அதை 1347.6-ஆல் வகுத்தால் 564 நானோமோல். ஒரு மில்லிமோலார் ஸ்டாக் வேண்டும் என்றால் 564 மைக்ரோலிட்டரில் கரைக்க வேண்டும். லேபிளை நம்பி 1 மில்லிகிராம் என்று கணக்குப் போட்டால் 742 மைக்ரோலிட்டர் ஊற்றிவிடுவீர்கள், ஸ்டாக் 0.76 மில்லிமோலார் ஆகிவிடும். அதன் பிறகு எத்தனை முறை நீர்க்கச் செய்தாலும் அந்தப் பிழை கூடவே வரும். ஒரு லாட் (ஒரே தடவையில் தயாரித்த தொகுதி) டி.எஃப்.ஏ. உப்பாகவும் அடுத்த லாட் அசிடேட்டாகவும் வந்தால், டோஸ்-ரெஸ்பான்ஸ் கோடு ஏன் நகர்ந்தது என்று புரியாமல் திண்டாட வேண்டிவரும். சில குப்பிகளில் நிகர எடையையே லேபிளில் அச்சிட்டிருப்பார்கள். அப்படி இருந்தால் இந்தத் திருத்தத்தை இரண்டாவது முறை செய்துவிடாதீர்கள்.

நீண்ட நாள் செல் வளர்ப்பு வேலை என்றால் அசிடேட் அல்லது ஹைட்ரோகுளோரைடு உப்பையே கேளுங்கள். டி.எஃப்.ஏ. மிகக் குறைந்த அளவிலேயே சில வகைச் செல்களின் வளர்ச்சியைக் குறைக்கிறது என்று பதிவாகியிருக்கிறது.

சான்றிதழில் மூலக்கூறின் எடையைக் காட்டும் மாஸ் ஸ்பெக் வரைபடமும் இருக்கும். சப்ஸ்டன்ஸ் பி-க்கு எலக்ட்ரோஸ்ப்ரேயில் இரட்டை மின்னூட்டச் சிகரம் 674.4-இலும் மூன்று மின்னூட்டச் சிகரம் 449.9-இலும் நிற்க வேண்டும். 682.4-இல் ஒரு குட்டிச் சிகரம் எட்டிப் பார்த்தால் மெத்தியோனின் ஆக்சிஜன் ஏறியிருக்கிறது என்று அர்த்தம்: ஒரு ஆக்சிஜனுக்கு 16, இரண்டு மின்னூட்டத்தால் வகுத்தால் 8. பழைய ஸ்டாக்மேல் சந்தேகம் வந்தால் உங்கள் நிறுவனத்தின் மாஸ் ஸ்பெக் வசதியில் இதையே கொடுத்துப் பார்த்துவிடலாம்.

குப்பியைத் திறப்பது

ஃப்ரீசரிலிருந்து எடுத்தவுடன் திறக்காதீர்கள். குளிர்ந்த பொடி காற்றின் ஈரத்தை உடனே இழுத்துக்கொள்ளும். சென்னை மாதிரி ஊரில் நிமிடத்திலேயே பொடி பிசுபிசுத்துவிடும். மூடியோடே டெசிக்கேட்டரில் (ஈரமில்லாமல் வைக்கும் மூடிய கலத்தில்) ஒரு மணி நேரம் வைத்து, அறை வெப்பத்துக்கு வந்த பிறகு திறங்கள்.

திறப்பதற்கு முன் குப்பியையே ஒரு நிமிடம் சென்ட்ரிஃபியூஜில் மெதுவாகச் சுற்றி எடுங்கள். பொடி மூடியிலும் கழுத்திலும் ஒட்டியிருக்கும், சுற்றினால் அடிக்கு வந்துவிடும். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் உள்ளே ஒன்றுமே இல்லாதது போலத் தெரியலாம். அது காலிக் குப்பி இல்லை. அரை மில்லிகிராம் பெப்டைட் சில சமயம் கண்ணாடியின் அடியில் ஒளி ஊடுருவும் மெல்லிய படலமாக உலர்ந்திருக்கும், சில சமயம் பஞ்சுத் துணுக்கு போல ஓரத்தில் நிற்கும். காலி என்று நினைத்துத் தூக்கி எறிந்துவிட வேண்டாம்.

தராசில் எடை போடவும் முயல வேண்டாம். நிலைமின்னூட்டத்தால் பொடி ஸ்பாச்சுலாவிலிருந்து பறந்துவிடும், போட்ட எடையும் சரியாக இருக்காது. குப்பியில் இருப்பதை முழுதாகக் குப்பியிலேயே கரையுங்கள். அதனால்தான் 10 மில்லிகிராம் ஒரே குப்பியில் வாங்குவதைவிட 1 மில்லிகிராமாகப் பிரித்து வாங்குவது நல்லது என்பேன், விலை கொஞ்சம் கூடினாலும்.

எதில் கரைப்பது

மின்னூட்டத்தை எண்ணிப் பாருங்கள். லைசின், ஆர்ஜினின், தொடக்க முனை ஒவ்வொன்றுக்கும் கூட்டல் ஒன்று. ஆஸ்பார்ட்டிக், குளூட்டமிக் அமிலங்களுக்கும் அமைடாகாத இறுதி முனைக்கும் கழித்தல் ஒன்று. ஹிஸ்டிடின் அமிலக் கரைசலில் மட்டும் கூட்டலாகச் சேரும். கூட்டல் மிஞ்சினால் முதலில் வெறும் நீர், கரையாவிட்டால் நீர்த்த அசிட்டிக் அமிலம். கழித்தல் மிஞ்சினால் நீர்த்த அம்மோனியாவோ அம்மோனியம் பைகார்பனேட்டோ. இரண்டும் சமமாகி, நீரை வெறுக்கும் அமினோ அமிலங்கள் நிறைய இருந்தால் கொஞ்சம் டி.எம்.எஸ்.ஓ. என்ற கரிமக் கரைப்பானில் கரைத்து, பிறகு பஃபரில் சொட்டுச் சொட்டாகச் சேர்க்கலாம். ஆனால் டி.எம்.எஸ்.ஓ. ஆக்சிஜன் ஏற்றக்கூடியது. தனிச் சிஸ்டீனோ மெத்தியோனினோ உள்ள பெப்டைடுக்கு அது வேண்டாம்.

சப்ஸ்டன்ஸ் பி-க்குக் கூட்டல் மூன்று, கழித்தல் எதுவும் இல்லை. சுத்தமான நீரிலோ 0.05 மோலார் அசிட்டிக் அமிலத்திலோ நன்றாகக் கரையும். நேரடியாகப் பாஸ்பேட் பஃபரில் போடாதீர்கள். உப்பு இல்லாத நீரில் முதலில் கரைத்துவிட்டு, பயன்படுத்தும் நேரத்தில் பஃபருக்கு மாற்றுங்கள். நீரை ஊற்றிய பிறகு குப்பியைச் சாய்த்து உருட்டி, சுவர், கழுத்து, மூடியின் உள்பக்கம் எல்லாம் நனையச் செய்யுங்கள். நுரை வரும் அளவுக்குக் குலுக்க வேண்டாம். ஐந்து நிமிடம் வைத்து மறுபடி உருட்டுங்கள். கரைசல் கண்ணாடி போல் தெளிவாக இருக்க வேண்டும். லேசாக மங்கலாக இருந்தாலும் கரையவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

கரைத்த பின் செறிவைச் சரிபார்க்க 280 நானோமீட்டரில் அளக்கலாமா என்று கேட்பார்கள். ட்ரிப்டோஃபானோ டைரோசினோ இருந்தால்தான் அங்கே ஒளியை உறிஞ்சும். சப்ஸ்டன்ஸ் பி-யில் இரண்டும் இல்லை. பெப்டைட் பிணைப்பே ஒளியை உறிஞ்சும் 205 நானோமீட்டரில் அளக்கலாம். அசிட்டிக் அமிலமும் அங்கே உறிஞ்சும் என்பதால் வெறும் கரைப்பானை ஒப்பீட்டுக்கு வைக்க வேண்டும்.

பங்கு பிரித்து வைப்பது

கரைத்த அன்றே, அதே மணி நேரத்தில் சின்னப் பங்குகளாகப் பிரித்துவிடுங்கள். ஒரு பங்கு ஒரு பரிசோதனைக்கு. மீதியை மறுபடி உறைய வைக்கக் கூடாது. அளவை இப்படி முடிவு செய்யலாம்: ஸ்லைஸ் வேலைக்கு 50 மில்லிலிட்டர் செயற்கை மூளைத்தண்டுவட நீரில் 200 நானோமோலார் வேண்டும் என்றால் 10 நானோமோல் தேவை. ஒரு மில்லிமோலார் ஸ்டாக்கில் அது சரியாக 10 மைக்ரோலிட்டர். ஆகவே 10 மைக்ரோலிட்டராக 0.2 மில்லிலிட்டர் ட்யூபில் போடுங்கள். பெரிய ட்யூபில் போட்டால் உள்ளே இருக்கும் காற்றிடத்தில் நீர் ஆவியாகி மூடியில் பனியாகப் படியும், செறிவு மாறிவிடும்.

ட்யூப் லோ-பைண்ட் வகையாக இருக்கட்டும். கூட்டல் மின்னூட்டப் பெப்டைடுகள் கண்ணாடியிலும் சாதாரண பிளாஸ்டிக்கிலும் ஒட்டும். கரைசல் எவ்வளவு நீர்த்திருக்கிறதோ அந்த அளவுக்கு இழப்பின் விகிதம் கூடும். மில்லிமோலாரில் அது பொருட்டே இல்லை, நானோமோலாரில் பெரும்பகுதி போய்விடலாம். அதனால் நீர்த்த கரைசலை முதல் நாளே தயாரித்து வைக்காதீர்கள்.

மைனஸ் 80-இல் வையுங்கள். மைனஸ் 20 மட்டும்தான் இருக்கிறது என்றால் தானாகப் பனி உருக்கும் ஃப்ரீசரைத் தவிர்த்துவிடுங்கள், அது அவ்வப்போது சூடாகி ஆறும். மின்சாரம் நின்று ஃப்ரீசர் உருகியிருந்தால் அந்தத் தேதியைப் பெட்டியிலேயே எழுதிவிடுங்கள், அடுத்து எடுப்பவருக்கு அது தெரிய வேண்டும். மூடியில் பெப்டைட் பெயர், செறிவு, லாட் எண், தேதி இருக்க வேண்டும். "எஸ்.பி." என்று இரண்டெழுத்து மட்டும் எழுதி வைத்தால் ஆறு மாதத்தில் அது என்னவென்று யாருக்கும் நினைவிருக்காது.

செல்லுக்கு மேல் ஊற்றும் நாள்

முதல் எதிரி திசுவுக்குள்ளேயே இருக்கிறது. நெப்ரிலைசின் என்ற நொதி சப்ஸ்டன்ஸ் பி-யையும் என்கெஃபலின்களையும் வெட்டிவிடும். தடித்த ஸ்லைசில் வெளியே 200 நானோமோலார் ஓடினாலும் உள்ளே இருக்கும் நியூரானுக்கு எவ்வளவு போய்ச் சேரும் என்று சொல்ல முடியாது. நெப்ரிலைசினைத் தடுக்கும் தியோர்ஃபான், அமினோபெப்டிடேஸ்களைத் தடுக்கும் பெஸ்டாட்டின் போன்றவற்றைச் சேர்க்கலாம். சேர்த்தால் கன்ட்ரோலிலும் சேர்க்க வேண்டும். மியூ ஓப்பியாய்டு ரிசெப்டர்தான் உங்கள் கேள்வி என்றால் என்கெஃபலினோடு போராடாமல், நொதிகளுக்கு மசியாத டாம்கோ என்ற செயற்கைப் பெப்டைடை எடுத்துக்கொள்ளலாம்.

ஒட்டுவதைக் குறைக்க மாட்டுச் சீரம் அல்புமின் 0.1 சதவீதம் சேர்க்கிறார்கள். செல் வளர்ப்பில் அது நன்றாகவே வேலை செய்யும். ஆனால் ஸ்லைஸ் ரிக்கில் ஆக்சிஜனும் கார்பன் டைஆக்சைடும் குமிழியிட்டுக்கொண்டே இருப்பதால் அல்புமின் நுரைத்து வழியும். அங்கே வாயுவைக் கரைசலுக்குள் விடாமல் மேற்பரப்பில் ஊதவிடலாம், அல்லது அல்புமினை வெகுவாகக் குறைக்கலாம். குழாய் நீளத்தையும் குறையுங்கள்.

அடுத்து, ஒரே ஸ்லைசில் திரும்பத் திரும்பக் கொடுக்காதீர்கள். சப்ஸ்டன்ஸ் பி பட்டவுடன் என்.கே.1 ரிசெப்டர் சில நிமிடங்களில் செல்லுக்குள் இழுக்கப்பட்டுவிடும். இரண்டாவது முறை சின்னப் பதில் வந்தால் அது மருந்தின் குறை இல்லை. முடிந்தவரை ஒரு ஸ்லைசுக்கு ஒரு முறை என்று வைத்துக்கொள்ளுங்கள். இதனால் பரிசோதனைகளின் எண்ணிக்கை கூடும், விலங்குகளின் எண்ணிக்கையும் கூடும். இந்தியாவில் நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழுவுக்கு விண்ணப்பம் எழுதும்போதே அந்தக் கணக்கைச் சேர்த்து எழுதுங்கள். பிறகு போய்க் கூடுதல் அனுமதி கேட்பது சிரமம்.

கன்ட்ரோல் இல்லாமல் எதையும் நம்பாதீர்கள். பெப்டைட் கரைத்த அதே கரைப்பானை, அதே அளவு அமிலத்தோடு, பெப்டைட் இல்லாமல் ஓட்டுங்கள். கரைசலின் பி.எச். நகர்ந்ததால் மட்டுமே நியூரான் மின்துடிப்பு அனுப்புவது மாறலாம். அதே அமினோ அமிலங்களை வரிசை கலைத்துக் கோத்த பெப்டைட் ஒன்றும் வைத்துக்கொள்வது நல்லது. கடைசியாக ரிசெப்டரை அடைக்கும் மருந்து. அதிலும் எந்த விலங்கு என்று பார்க்க வேண்டும்: மனித, கினிப்பன்றி என்.கே.1 ரிசெப்டரில் பலமாகப் பிணையும் சி.பி.-96345 எலியின் ரிசெப்டரில் அவ்வளவு பலமாகப் பிணையாது. எலியில் அது தடுக்கவில்லை என்பதற்காக "என்.கே.1 வழியாக இல்லை" என்று எழுதிவிட முடியாது. ஆக்ஸிடோசினில் இன்னொரு சிக்கல்: செறிவு கூடினால் அது வாசோப்ரெசினின் வி1ஏ ரிசெப்டரையும் தட்டும். இரண்டு பெப்டைடுகளுக்கும் இடையே இரண்டு அமினோ அமிலங்கள்தான் வித்தியாசம். அங்கே ஆக்ஸிடோசின் ரிசெப்டரைத் தேர்ந்து தூண்டும் டி.ஜி.ஓ.டி.யை வைத்து ஒருமுறை சரிபார்க்க வேண்டும்.

நோட்டில் எழுத வேண்டியது

அன்றன்றைக்கே எழுதுங்கள்: தயாரிப்பாளர், கேட்டலாக் எண், லாட் எண், எந்த உப்பு, எச்.பி.எல்.சி. தூய்மை, நிகரப் பெப்டைட் அளவு, எதில் எவ்வளவு கரைத்தீர்கள், எந்த ட்யூப், அல்புமின் உண்டா இல்லையா, உருக்கிய எத்தனை நிமிடத்தில் பயன்படுத்தினீர்கள். கட்டுரை எழுதும்போது செய்முறைப் பகுதியில் "சப்ஸ்டன்ஸ் பி, 200 நானோமோலார்" என்று நிறுத்திவிடாமல் உப்பு வடிவத்தையும் நிகர அளவுக்குத் திருத்தினீர்களா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். புது லாட் வந்தால் பழைய லாட் முழுதாகத் தீர்வதற்குள் இரண்டையும் ஒரே நாளில், ஒரே செறிவில், பக்கத்துப் பக்கத்து ஸ்லைஸ்களில் ஓட்டிப் பாருங்கள். அதற்காகப் பழைய லாட்டில் நான்கைந்து ட்யூபுகளை எப்போதும் ஒதுக்கி வைத்திருங்கள்.